உப்பு பார்த்துச் சொன்னவர்

வசந்தம் வந்தால் எங்கள் நகரத்துக்குத் தலைகால் புரியாது. குளிர் விட்டதும் விடாததுமாக ஆற்றங்கரைத் திடலில் பந்தல் எழும்பிவிடும். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் பானக் கடைகள், நடுவில் பெரிய மேடை. விழாவின் முதல் பாதியில் பாட்டும் வாத்தியமும், மறுபாதியில் ஓவியமும் நாடகமும். "நகரம் கண் விழிக்கிறது" என்று பேப்பரில் எழுதுவார்கள். ராத்திரி பூராவும் கண் விழித்துப் பழம் உரித்துக் கொடுக்கிற எங்களைப் பற்றி ஒரு வரி வராது. நான் அங்கே பழச்சாறு விற்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துக் கடை சூப் அக்காவுடையது. எலும்பு சூப், தக்காளி சூப், காய்கறி சூப், தொட்டுக்கொள்ள வாட்டிய ரொட்டி. அவ்வளவுதான் கடை. ஆனால் மேடையில் பாடுகிறவர்கள் தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை, பின்னால் ஒரு கோப்பை குடிப்பார்கள். அவர்களைப் பார்க்க வந்த கூட்டமும் குடிக்கும். அக்கா குள்ளம். அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு ஏறி நின்றுதான் கிண்டுவாள். யாராவது சிரித்தால் கரண்டியாலேயே பதில் சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் தையற்காரர். திடலில் இருக்கிற பந்தல் துணி பாதி அவர் தைத்ததுதான். எனக்கு அவர் மாமா. கோபமே வராத மனுஷன். நான் என்ன கிண்டல் செய்தாலும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பார். ஊசியை விழுங்கிவிடப் போகிறாரே என்று எனக்குத்தான் பயமாக இருக்கும்.

விழாவில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு கடையாக வந்து ருசி பார்ப்பார்கள். பிடித்த கடைக்கு மேடையை ஒட்டின முன்வரிசை. பிடிக்காத கடையைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் கழிப்பறை. பசித்து வருகிறவன்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவான். பாட்டு முடிந்து ஓவியம் தொடங்கும்போது இன்னொரு தரம் ருசி பார்த்து இடத்தை மாற்றுவார்கள். கமிட்டித் தலைவரை நாங்கள் தொப்பிக்காரர் என்போம். வெயிலோ நிழலோ, அந்தத் தொப்பி தலையை விட்டு இறங்காது. அவருடைய ஒரு வாய்தான் எங்கள் ஒரு வருஷம்.

அக்கா உப்பு பார்க்க மாட்டாள். மாமாதான் பார்ப்பார். அவள் கரண்டியில் இரண்டு சொட்டு எடுத்து அவர் உள்ளங்கையில் விடுவாள். அவர் நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு குறைந்தால் மீசையைத் தடவுவார். புளிப்பு தூக்கலாக இருந்தால் காதைத் தொடுவார். எல்லாம் சரியாக இருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது.

"என்ன மாமா, இந்த வயசுல ஜாடையெல்லாம் பலமா இருக்கு?" என்று நான் கேலி செய்வேன். அக்காவுக்கு வெட்கம் வரும் என்று பார்த்தால் முகம் வெளுத்துப்போகும். ஏனென்று ரொம்ப நாள் புரியவில்லை.

ஒருநாள் வெயிலில் என் ஆரஞ்சுச் சாறு நொதித்துப்போய்விட்டது. மூடியைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்தது. கொட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அக்கா வந்தாள், அதிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தாள். "இன்னிக்கு நல்லாப் போட்டிருக்கடி," என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"போன குளிருக்குக் காய்ச்சல்ல கிடந்தேன் இல்ல? மொதல்ல வாசனை போச்சு. அப்புறம் ருசி போச்சு. திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாரு. வரல. மண்ணைத் தின்னாலும் எனக்கு ஒண்ணுதான், சோத்தைத் தின்னாலும் ஒண்ணுதான்."

"இதை ஏன்க்கா மறைக்கணும்?"

"நாக்கு இல்லாத சூப்காரின்னு தெரிஞ்சா எவன்டி வந்து நிப்பான்? தொப்பிக்காரர் காதுல விழுந்தா பின்வரிசையில கூட இடம் கிடைக்காது. உன் வாய்க்குப் போனது ஊருக்கே போன மாதிரின்னு தெரியும். இருந்தும் சொல்றேன். வெளிய விட்டுடாதே."

நான் விடவில்லை. என் வாய் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

அதற்கு அடுத்த குளிரில் மாமாவுக்குக் கால் வீங்கியது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி ஊதிப்போயிருக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்து, சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது, உப்பை அடியோடு நிறுத்தாவிட்டால் உடம்பில் நீர் கோத்து நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பு ஜாடியைக் குப்பையில் கவிழ்த்தாள். உப்பில்லாத குழம்பு, உப்பில்லாத சோறு. ஒரே சட்டியில் சமைத்து அவளும் அதையே சாப்பிட்டாள். "எனக்கு என்ன நஷ்டம்?" என்று சிரிப்பாள். அவர் சாப்பிட்டு எழுகிறவரை தட்டை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டாள். கடையில் உப்பு பார்க்கிற வேலை மட்டும் மாமாவிடமே இருந்தது. நாக்கில் தொட்டுவிட்டுத் துப்பிவிடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அந்த வசந்தத்தில் விழா தொடங்கிய அன்று தொப்பிக்காரர் வந்தார். மாமா ஏற்கனவே துண்டைத் தோளில் போட்டாகிவிட்டது. தொப்பிக்காரர் ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் திரும்பப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"என்னம்மா, சப்புன்னு இருக்கு? நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சி மாதிரி."

ஐந்து நிமிஷத்தில் அக்காவின் அடுப்பு பின்வரிசைக்குப் போய்விட்டது. நான் ஓடிப்போய்க் குடித்துப் பார்த்தேன். உண்மையிலேயே வாயில் வைக்க முடியவில்லை.

"என்ன பாத்தீங்க நீங்க?" என்று அக்கா மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியாத்தானேம்மா இருந்துச்சு."

"சரியா இருந்துச்சா? என் பொழைப்பையே கவுத்துட்டு சரியா இருந்துச்சாம்! எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சுன்னு பாத்தா, உங்களுக்கும் செத்துப்போச்சு. இனிமே நீங்க எதுக்கு இங்க?"

மாமா பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் கடை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "மாசக்கணக்கா உப்பில்லாமத் தின்னு தின்னு, ஒரு கல்லு விழுந்தாலே எனக்குக் கடல் தண்ணி மாதிரி தெரியுதும்மா. என் நாக்கு பொய் சொல்லுது," என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ருசி பார்க்கிறேன் என்று முன்வந்தேன். அது பெரிய கூத்தாகிவிட்டது. நாள் பூராவும் சர்க்கரையிலேயே புழங்குகிற நாக்கு என்னுடையது. போடு போடு என்று நான் சொல்லிக்கொண்டே போக, அன்றைக்குச் சூப் குடித்தவன் எல்லாம் என்னிடமே தண்ணீர் கேட்டு வந்தான். அளவு கரண்டி வைத்துப் போட்டும் பார்த்தாள். எலும்பு ஒருநாள் போல ஒருநாள் இல்லை, தக்காளி சொல்லவே வேண்டாம். அளவு எடுபடவில்லை.

"வர்றவங்க கிட்டயே கேளுங்களேன்க்கா. ஒரு வாய் குடிச்சுப் பாத்து சொல்லுங்கன்னா சொல்லிட்டுப் போறாங்க," என்றேன்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்," என்றாள்.

பிறகு கொஞ்ச நாளில் நிலைமை மாறியது. மாமாவின் ஜாடை பழையபடி நேராகிவிட்டது. அவர் மீசையைத் தடவினால் உண்மையிலேயே உப்பு குறைவாக இருந்தது. பின்வரிசையிலும் ஆள் நிற்கத் தொடங்கியது. ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திச் சூப் வாங்கினார்கள். "அவருக்கு நாக்கு திரும்பிடுச்சுடி!" என்று அக்கா பலகையிலிருந்து குதித்து இறங்கி வந்து சொன்னாள். எப்படித் திரும்பியது என்று அவள் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் யார் யோசிப்பார்கள்?

அந்த நாட்களில் அவளுக்கு ஓயாத தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் வாங்கிப் போவாள். "வெயில்டி," என்பாள். மாமாவோ செருப்புகூட நுழையாத காலோடு நடந்தார். முகம் பன்னு மாதிரி உப்பியிருந்தது. பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். "வீட்டுல ஒரு கல்லு உப்பு கிடையாது. இதுக்கு மேல நான் என்னடி பண்ணுவேன்?" என்று என் மேலேயே பாய்ந்தாள். விழா முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ருசிக்கு வந்த தொப்பிக்காரர் கோப்பையைக் காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்டார். அக்கா முன்வரிசைக்கு வந்துவிட்டாள். ஓவியக்காரர்கள் கையில் சாயத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். நாடகக்காரர்கள் வேஷம் கலைக்காமலே வந்து குடித்தார்கள். அத்தனை கூட்டத்தை அக்கா கடையில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமா பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் காற்றில் பந்தல் துணி கிழிந்தது. வேறு யாரையும் தொடவிடாமல் தானே ஏணியில் ஏறினார். இரண்டு தையல் போட்டிருப்பார். மூச்சு வாங்கியது. இறக்கிப் படுக்கவைத்தோம். படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தொப்பிக்காரரும் வண்டியில் தொற்றிக்கொண்டார். மனுஷன் அவ்வளவு மோசமில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். உள்ளேயிருந்து கோபமாக வந்தார்.

"உப்பே கூடாதுன்னு சொல்லியிருந்தோமே. உப்பா அள்ளிச் சாப்பிட்டிருக்கார். வீட்டுல யார் சமையல்?"

"நான்தாம்மா. ஒரு கல்லு போட்டதில்ல."

"தனியாச் சமைச்சீங்களா?"

"ஒரே சட்டிதான். அவரு தின்னதைத்தான் நானும் தின்னேன்."

"நீங்களும் அதையே சாப்பிட்டீங்களா? அப்ப முதல் வாயிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே! அவ்வளவு உப்பு உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். தொப்பிக்காரரைப் பார்த்தாள். வராந்தாவில் திடல்காரர்கள் பாதிப் பேர் நின்றிருந்தார்கள்.

"எனக்கு ருசி தெரியாதும்மா," என்றாள். "போயி ரெண்டு குளிராச்சு."

டாக்டர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

மாமாவே அவளிடம் சொல்லிவிட்டார். கடை உப்பைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போவாராம். அவள் கை கழுவப் போகும்போது சட்டியில் கொட்டிக் கலக்கிவிடுவாராம். "தட்டுல போட்டா நீ பாத்துடுவ. சட்டியில போட்டா உனக்குத் தெரியாதுல்ல. நாக்கு பழசுக்கு வரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்னு பாத்தேன்," என்றாராம். எதிரே உட்கார்ந்து அதையே பிசைந்து தின்றுகொண்டு, அவர் நல்லாச் சாப்பிடுகிறாரே என்று அக்கா பூரித்துப்போயிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டாள். பிடிக்கப் போன என் கையையும் தட்டிவிட்டாள்.

மாமா பிழைக்கவில்லை. ஓவிய வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

அடுத்த வசந்தத்தில் அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். தொப்பிக்காரர் ருசி பார்க்காமலே முன்வரிசையில் இடம் போட்டிருந்தார். அவள் யாரோடும் பேசாமல் பலகை மேல் ஏறிக் கிண்டினாள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்தவள், உள்ளங்கை தேடிப் பின்னால் திரும்பவில்லை. நேராக இறங்கி நடைபாதைக்கு வந்தாள். கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அவளை நிறுத்தினாள்.

"கொஞ்சம் ருசி பாத்து சொல்றியாம்மா? எனக்கு ருசி தெரியாது."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படக்கூட இல்லை. ஊதி ஊதிக் குடித்தாள். "உப்பு மட்டும் கொஞ்சம் போடணும் ஆன்ட்டி. மத்தபடி நல்லா இருக்கு," என்று கோப்பையைக் கொடுத்துவிட்டு, ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள்.

அக்கா அங்கேயே நின்றாள். அடுப்பில் சூப் பொங்கியது. நான் ஓடிப்போய்த் தணலைக் குறைத்தேன். அவள் கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாடி?" என்றாள். "இதைக் கேக்க மாட்டேன்னுதானேடி அவரை அனுப்பிட்டேன்?"