கொப்பரைக்கு வளர்த்த அரசாணி

நத்தையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மைசூரில் மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு முழம் மண் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் நத்தையோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள். சின்ன நத்தை என்றால்கூடச் சகித்துக்கொள்ளலாம். இது உள்ளங்கையை நிறைக்கிற ஆப்பிரிக்க நத்தை. துவைக்கிற கல்லில், குழாயில், குளியலறை மக்கில் என்று எங்கே கை வைத்தாலும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் காலை பால் வாங்க ஓடும் அவசரத்தில் செருப்புக்குள் காலை விட்டேன். உள்ளே ஒன்று இருந்தது. அந்தச் சில்லிப்பும் வழவழப்பும் இன்னும் என் கட்டைவிரலை விட்டுப் போகவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஹனூர்ப் பக்கத்து ஆட்கள். அவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அதனால் மைசூரில் வாடகை வீடு. வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. அதில் அவரை, கத்தரி, அரைக்கீரை எல்லாம் போட்டிருந்தேன். தோட்டம் என் பொறுப்பு, பூச்சியும் என் பொறுப்பு. நத்தை வந்தால் ஒரு பிடி உப்பைப் போடுவேன். நுரை தள்ளிச் சாகும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் மறுநாள் கீரை மிஞ்சும். அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி அப்பினால் விரலாலேயே நசுக்கி வழித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்வேன். இப்படித்தான் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அவருக்குக் காமாலை வந்தது. சாதாரணக் காமாலை இல்லை. கண், நகம், நாக்கின் அடி எல்லாம் மஞ்சள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றார். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நிலையை என் எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்து படுக்கையில் சாய்ந்ததும் முதலில் சொன்னது வேண்டுதலைத்தான்.

தீபாவளிச் சமயத்தில் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வழியில் பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவார்கள். பெரிய கொப்பரை வைத்துச் சமையல். வீட்டுக்கு வீடு அரிசியோ பருப்போ காயோ கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம்.

"எங்கையால வெதை போட்டு வளத்த அரசாணிக்காய் ஒண்ணு கொப்பரையில போடறேன்னு வேண்டிக்கிட்டேன் புள்ள" என்றார். மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்பார்களே, அது. "போடற வரைக்கும் நம்ம வூட்ல ஒரு உசுரும் போகக்கூடாது."

"பூச்சி புழுவுமாங்க?"

"அதுக்கும் உசுரு இருக்குதல்ல."

"நத்தைய என்ன பண்றதுங்க? மடியில வெச்சுக் கொஞ்சறதுங்களா?"

"அதுக்கு இங்க பேரே பசவன ஹுளு. பசவண்ணன் பேர வெச்சிருக்கறதப் போயி கொல்றேங்கற."

கன்னடத்தில் நத்தையை அப்படித்தான் சொல்கிறார்கள், பசவனுடைய புழு என்று. சிவனுடைய காளை மாதிரி கொம்பு நீட்டுகிறதாம். காளை என் சமையலறைச் சுவரில் எச்சில் கோடு போட்டுக்கொண்டு ஏறவில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. எழுந்து நடக்கக்கூடத் தெம்பில்லாத மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனி மாதம் விதை போட்டார். மழையும் பிடித்துக்கொண்டது. உப்பு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தினமும் விடிந்ததும் அவர் ஒரு பெயிண்ட் வாளியும் காகிதமுமாகப் பின்னால் போய், நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்கத்துக் காலி மனையில் கொண்டுபோய்க் கொட்டுவார். அங்கே தெருக்காரர்கள் வீசுகிற குப்பை மலையாகக் கிடந்தது. நத்தைகளுக்குக் கல்யாண விருந்துதான். தின்று கொழுத்து, பெருகி, ராத்திரியோடு ராத்திரியாக மதில் ஏறி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. காலி மனையை ஒட்டிய அடுத்த வீட்டு அம்மா ஒருநாள் முறத்தில் ஒரு குவியலை அள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, நிம் பசவண்ண நம் மனெகே பந்தித்தானெ" என்று நீட்டினாள். உங்கள் பசவண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்கிறாள். நான் வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

கத்தரித் தொட்டியின் மண்ணைக் கிளறினால் முட்டைகள். வெளுத்து, ஜவ்வரிசி மாதிரி. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் கிடையாது. கீரை போயிற்று. அவரைக் கொடி கருப்பு அசுவினியில் பிசுபிசுவென்று தொங்கியது. கொல்லக்கூடாது என்பதால் தண்ணீரை மட்டும் பீய்ச்சினேன். அவை என் கழுத்திலும் ரவிக்கைக்குள்ளும் விழுந்து ஊர்ந்தன. இரண்டு தடவை குளித்தும் ஊர்கிற மாதிரியே இருந்தது. எத்தனை நாள் வெறுத்துப்போய்க் கடையில் காய் வாங்கிச் சமைத்தேன் தெரியுமா? சொந்தத் தோட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

அரசாணிக் கொடியில் பிஞ்சு வைப்பதும் அழுகி விழுவதுமாக இருந்தது. பிஞ்சில் ஈ கொட்டிவிட்டுப் போகும், உள்ளே புழு வைக்கும். கடைசியில் ஒரே ஒரு காய்தான் நின்றது. அவர் தன் பழைய யூனிபார்ம் சட்டையைக் கிழித்து அதற்கு உறை மாதிரி கட்டினார். வேலைக்குப் போகும்போது தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார், வந்ததும் தொட்டுப் பார்ப்பார். அந்தக் காய் பெரிதாகப் பெரிதாக அவர் முகத்திலும் ரத்தம் ஊறியது. அதைப் பார்த்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பறித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தபோது அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியில் பிசின் கசிந்து உறைந்திருந்ததைப் பார்த்தேன். ஈ கொட்டிய வடுதான் என்று எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதன் மேலேயே திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். சாமிக்கு என்று வைத்ததை அதற்கு மேல் யார் அழுத்திப் பார்ப்பது?

கொள்ளேகால் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பந்தலில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய பங்காளி முறையில் ஒரு அண்ணன்தான் சமையல். காயை வாங்கி, கும்பிட்டு, பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினார்.

முதலில் நாற்றம் வந்தது. ஒரு பாதி கூழாகியிருந்தது. அந்தக் கூழில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. சில சுருண்டு எம்பிப் பலகைக்கு வெளியே குதித்தன. ஒன்று என் புடவையில் விழுந்தது. சீ என்று உதறினேன்.

"அந்தாண்ட கொண்டுபோய்ப் போடுங்க. வேற காய் நெறைய இருக்குது" என்றார் அண்ணன். அவர் மேல் தப்பில்லை. நூறு பேர் சாப்பிடுகிற இடம்.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாமிக்கு வேண்டாமாட்ட இருக்குது புள்ள" என்றார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு படுத்திருந்த அதே முகம். தன் உயிரை அந்தக் காய்க்குள் வைத்திருந்தார் அந்த மனுஷன். காய் குப்பைக்குப் போனால் தானும் போய்விடுவோம் என்று நம்பிவிட்டார். எனக்கு வந்த கோபம் அவர் மேலா, புழு மேலா, சாமி மேலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"எந்திரிங்க மொதல்ல. பாதிக் காய் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

வெதுவெதுவென்று இருந்தது. விரல் இடுக்கெல்லாம் நெளிந்தது. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு கூழை வழித்து வழித்து ஒரு வாழை இலையில் போட்டேன். பலகையில் இருந்ததை நான் நசுக்கப் போனபோது, "கொன்னு போட்றாத புள்ள, காய் இன்னும் கொப்பரைக்குப் போகலை" என்றார். அந்த நேரத்திலும்! பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையில் விட்டு, புதருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். நல்ல பாதியைத் தாராளமாகச் சீவித் தள்ளி, உப்புத் தண்ணீரில் அலசி, துண்டு போட்டேன். அண்ணன் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அள்ளிக் கொப்பரையில் போட்டார்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். குழம்பில் அரசாணித் துண்டுகள் வந்தன. அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காமாலைக்கு அப்புறம் அவர் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. நான் துண்டுகளை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். எத்தனை கழுவியும் என் விரலில் அந்த நாற்றம் இருந்தது.

அவர் என் இலையைப் பார்த்தார். "நீயும் ஒரு துண்டு தின்னோணும் புள்ள. ரெண்டு பேருக்குமாத்தான் வேண்டிக்கிட்டேன்."

எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. மென்றேன். நல்ல இனிப்பு. புழு கொண்டாடியதில் என்ன தப்பு என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டேன்.