டேப்பட் ஞாயிறு

டிசம்பர்க் குளிரில், விடிந்தும் விடியாத தில்லியில், எரிந்த எண்ணெயின் வாசனை எப்படி மூக்கில் ஏறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். லோதி ரோடு குடியிருப்பில் எங்கள் சின்னக் காரின் பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்மூடியை அப்பா கழற்றும்போது எழும் வாசனை அது. வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வதைத்தான் அவர் "டேப்பட் வைக்கிறது" என்பார். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்புமுன் அந்த வேலை நடக்கும். மெக்கானிக்கை நம்புகிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது.

அந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாகிட்ட சாவியைக் கேளு" என்று, இருவரும் ஒரே அறையில் இருக்கும்போதுகூட, எட்டு வயதுத் தபால்காரி நான்தான்.

ஆனால் டேப்பட் இரண்டு கைகளால் முடிகிற வேலை இல்லை. ஒரு கையால் திருகாணியை அசையாமல் பிடித்து மறுகையால் அதன் நட்டை இறுக்கும்போது, இடைவெளியில் ஒரு மெல்லிய தகட்டை இன்னொருவர் நுழைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். தகடு லேசாகப் பிடித்தால் அளவு சரி. புடவைமேல் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக அம்மா இறங்கி வந்து தகட்டை வாங்கிக்கொள்வாள்.

"பிடிக்குதா?" என்பார் அப்பா.

"இல்லே."

"இப்போ?"

"ம். பிடிக்குது."

ஆறு வால்வுகளுக்கு ஆறு தடவை. என் தமிழோ பள்ளிக்கூடத்து "எனக்கு மாம்பழம் பிடிக்கும்" அளவோடு நின்றுபோன தமிழ், மற்றதெல்லாம் இந்தி. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்ட எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கு அப்பாவைப் பிடித்துவிட்டது, சண்டை தீர்ந்தது என்று பக்கத்து வீட்டுத் தோழியிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச்சில் அம்மா திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். ரயிலில் எங்கள் சூட்கேஸை அப்பா சீட்டுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன்: "நீதானே அப்பாகிட்ட ஆறு தடவை பிடிக்குதுன்னு சொன்னே? அப்போ அது பொய்யா?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அது தகட்டைச் சொன்னேன்டி, கண்ணு" என்றாள். அப்பா நிமிரவில்லை. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட சூட்கேஸைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நான் வருந்தாத வருஷமில்லை.

அப்புறம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், டேப்பட் வைக்காத அந்தக் கார் தையல் மிஷின் மாதிரி டக்டக்கென்று அடித்துக்கொண்டு என்னை அழைத்துப்போகத் தில்லி ஸ்டேஷனுக்கு வரும். சின்னச் சத்தத்தையும் பொறுக்காத மனிதர், மெக்கானிக்கிடமும் விடவில்லை. பதினைந்து வயதில், தகட்டை நான் பிடிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம்மா, இப்படியே ஓடட்டும்" என்றார்.

அப்பா போய் ஓராண்டாகிறது. தில்லியில் பழைய வண்டிகள் ஓடக்கூடாது என்றானபோதே கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது பல கார்களில் அந்த இடைவெளியை எஞ்சினே பார்த்துக்கொள்கிறதாம். இன்னொரு ஆள் வேண்டியதில்லை. போன மாதம் திருச்சியில், கார் இருந்தவரை அவர் அந்தச் சத்தத்தோடேயே ஓட்டினார் என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்றாள்.