அம்மாவின் கொண்டையூசி

நான் போன மாதம் வாங்கிய பழைய லொறியின் இறுகிப்போன ஸ்டியரிங் மூட்டு ஒன்றை, கிளிநொச்சிக் கராச்சில் மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டிக் கழற்றிய மெக்கானிக், நட் கழராமலிருக்கப் போடும் பின்னுக்குப் பதிலாக, கறள் பிடித்த கொண்டையூசி ஒன்றை இழுத்தெடுத்தார்.

"இதோடையோ அக்கா ஓடித் திரிஞ்சனீங்கள்?"

ஊசியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

சண்டையில் பாதை மூடி, லொறிச் சாமான் எதுவும் வராத அந்தக் காலத்தில், இன்று பற்றையாகிக் கிடக்கும் எங்கள் விசுவமடு லொறி திருத்தும் கொட்டிலில், இதே மண்ணெண்ணெய் மணத்துக்குள், சில்லுகளுக்கு நூல் பிடித்து நேர் பார்த்து முடித்த அப்பா கையை நீட்டுவார். அம்மா கொண்டையை அவிழ்த்து ஊசியைக் கொடுப்பார்.

"புதுசு வந்த உடனை மாத்துவம்" என்பார் அப்பா.

புதுசு வரவில்லை. அந்த லொறிகளில்தான் ஊரே ஏறி இடம்பெயர்ந்தது. அவிழ்ந்த தலைமயிர் காற்றில் பறக்க இருந்த, அந்த லொறிகள் எந்த ஊசியில் ஓடுகின்றன என்று தெரிந்த அம்மாவின் மடியில் நான் நித்திரையாய் இருந்தேன்.