பொங்கலா, நெஞ்சா? லில்லிடேலிலிருந்து வார்பர்ட்டனுக்கு ஒரு சைக்கிள் பயணம்

மார்ச்சில் என் இதயக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் மெல்பர்ன் கிளேட்டனில் எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்து கிராமத்துச் சாலைகளில் யாரோ சைக்கிள் ஓட்டுகிற வீடியோக்களைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பச்சை வேலி, நடுவே ஒல்லியாக ஒரு சாலை, எங்கோ ஒரு செம்மறியாடு. வண்டியே வராது. பார்க்கப் பார்க்க ஆசை ஏறியது. ஒரு நாள் என் மனைவி மலரிடம், "அடுத்த வருஷம் இங்கிலாந்து போய் இந்த மாதிரி ஓட்டணும்" என்று சொல்லிவிட்டேன். "முதல்ல மாடிப்படி ஏறுங்க, பார்க்கலாம்" என்றாள்.

இங்கிலாந்து இருக்கட்டும், மெல்பர்ன் பக்கத்திலேயே அப்படி ஒரு பாதை இருக்கிறது. லில்லிடேலில் தொடங்கி வார்பர்ட்டனில் முடிகிறது, சுமார் நாற்பது கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு மண்ணும் பொடிக்கல்லும் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கார் உள்ளே வர முடியாது, சாலையைக் கடக்கிற இடங்களில் மட்டும் பார்த்துப் போனால் போதும். ரயில் ஏறிய மேடு என்பதால் எங்கேயும் செங்குத்தாக இருக்காது. இதய மருத்துவரிடம் கேட்டேன். மெதுவாகப் போனால் தாராளமாகப் போகலாம் என்றார். மலரிடம் கேட்டேன். அங்கேதான் சிக்கல்.

மார்ச்சிலிருந்து மலர் சரியாகத் தூங்கவில்லை. நடு ராத்திரி என் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வரும். மூச்சு வருகிறதா என்று பார்க்கிற விரல். வருகிறது என்று தெரிந்ததும் விரல் போய்விடும், கூடவே என் தூக்கமும் போய்விடும். இப்படி இருக்கிறவளிடம் நாற்பது கிலோமீட்டர் என்றால் என்ன சொல்வாள்? ஒரு வாரம் பேசவில்லை. பிறகு நிபந்தனைகளோடு வந்தாள். தனியாகப் போகக் கூடாது. அவள் காரில் கூடவே வருவாள், வழியில் ஊர் வருகிற இடமெல்லாம் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். ஒரு இடத்திலாவது மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றால் சைக்கிள் அன்றைக்கே காரில் ஏறும், அடுத்த நாளே விற்பனைக்குப் போகும். பேரம் கிடையாது. சரி என்றேன். வேறு வழி?

துணைக்கு கேதீசைப் பிடித்தேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். என்னைவிட ஐந்து வயது இளையவர். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத மனிதர். "ஓம் அண்ணை, வாறன். ஆனா அக்கா சாப்பாடு கொண்டுவருவாதானே?" என்றுதான் முதலில் கேட்டார்.

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. கார் பின்னால் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு ஆறரைக்குக் கிளம்பி ஏழே காலுக்கு லில்லிடேல் ஸ்டேஷன் வந்துவிட்டோம். இறங்கினால், மலர் டிக்கியைத் திறந்து எவர்சில்வர் தூக்கை எடுக்கிறாள். வெண்பொங்கல். மூடியைத் திறந்ததும் மிளகும் நெய்யும் கார் பார்க் முழுக்க மணந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோன ஒரு பெண்மணி நின்று திரும்பிப் பார்த்தார்.

மலரின் பொங்கல் சாதாரண விஷயம் இல்லை. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் எல்லாரும் என் உடம்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஸ்டென்ட் வந்த பிறகு வீட்டில் நெய் என்ற பேச்சே இல்லை. எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான். "நாற்பது கிலோமீட்டர் போறீங்க, தெம்பு வேணாமா?" என்று ஒரு கரண்டி கூட வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முட்டாளா? கேதீஸ் மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினார்.

முதல் ஏழு கிலோமீட்டர் மவுண்ட் ஈவ்லின் வரைக்கும் ஏற்றம். சின்ன ஏற்றம்தான், குழந்தைகள்கூடச் சிரித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எங்களுக்கு இரண்டாவது கிலோமீட்டரிலேயே கண் சொருகியது. பொங்கல் சாப்பிட்டவனைக் கட்டிலுக்கு அனுப்ப வேண்டும், மலைக்கு அனுப்பக் கூடாது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே குளுகுளுவென்று காற்று வருகிறது, பறவைகள் கத்துகின்றன, அழகு கொட்டிக் கிடக்கிறது. எதையும் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைத்தான் பார்த்தேன். மணிக்கட்டில் இருந்த கடிகாரம் நாடித் துடிப்பு சரியாக இருக்கிறது என்றது. நெஞ்சில் வலி இல்லை, படபடப்பு இல்லை. வயிறு மட்டும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருந்தது.

மவுண்ட் ஈவ்லினுக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கி, ஒரு புதருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்று மூச்சைச் சரிசெய்துகொண்டுதான் மலர் முன்னால் போனோம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள். "படம் எடுத்தனாங்கள் அக்கா" என்றார் கேதீஸ். அவரிடம் அன்றைக்கு போனே இல்லை, காரில் விட்டிருந்தார். நல்லவேளை, மலர் அதைக் கவனிக்கவில்லை. ஆளுக்கு இரண்டு மெதுவடை கொடுத்தாள்.

அங்கிருந்து வாண்டின், செவில் வரைக்கும் இறக்கம். இந்தப் பகுதிக்காகவே இந்தப் பயணம் போகலாம். மாட்டுப் பண்ணைகள், திராட்சைத் தோட்டங்கள், தூரத்தில் நீல மலை. மிதிக்காமலே வண்டி போகிறது. ஒரு மாடு வேலி ஓரமாக எங்களோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நான் நோயாளி என்பது மறந்துபோனது. சத்தமாகப் பாடினேன் என்று கேதீஸ் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. செவிலில் மலர் மறுபடி தூக்கைத் திறந்தாள். மிஞ்சினதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

வூரி யாலொக் தாண்டியதும் பாதை சமதளம் மாதிரி தெரியும். நம்பாதீர்கள். மெல்ல மெல்ல ஏறுகிறது. யாரா ஜங்ஷன் போய்ச் சேர்ந்தபோது ஒளிந்துகொள்ளப் புதர் இல்லை. மலர் பாதை ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் இறங்கினேன், பேச வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நேரே போய் காருக்குப் பின்னால் சைக்கிள் கட்டுகிற வாரை எடுத்து வந்தாள்.

"நெஞ்சு இல்ல மலர், கடிகாரத்தைப் பாரு, எல்லாம் சரியா இருக்கு."

"கடிகாரம் என்ன டாக்டருக்குப் படிச்சுதா? மூச்சு வாங்குதா இல்லையா?"

வாங்குகிறதுதான். காரணமும் எனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வேன்? நெஞ்சு என்றால் சைக்கிள் போச்சு. பொங்கல் என்றால் அதைவிடப் பெரிது எதுவோ போச்சு. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அந்தப் பொங்கலை நான் ஒரு குறை சொன்னதில்லை. சைக்கிளைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். அவள் வாரைச் சக்கரத்தில் மாட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது புல்லிலிருந்து ஒரு குரல் வந்தது. கேதீஸ் வந்த வேகத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்திருந்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. எனக்கும் மூச்சு வாங்குது. எனக்கு நெஞ்சில ஒரு பிரச்சினையும் இல்லை, போன மாசம்தான் செக்கப் செய்தனான்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "இது உங்கட பொங்கல் அக்கா."

செத்தோம் என்று நினைத்தேன். மலர் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காரில் இருந்த காலித் தூக்கைப் பார்த்தாள். பிறகு வாரைக் கீழே போட்டுவிட்டு புல்லில் உட்கார்ந்தாள்.

"நெய் கொஞ்சம் தூக்கலாதான் போட்டுட்டேன்," என்றாள். "வழியில மயங்கி விழுந்துடுவீங்களோன்னு பயம்."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பாதையில் வந்த அத்தனை சைக்கிள்காரர்களும் எங்களைப் பார்த்து ஹலோ சொல்லிவிட்டுப் போனார்கள். அரைமணி கழித்து மலர் எழுந்தாள். "நான் நேரா வார்பர்ட்டன் போயிடறேன். நடுவுல நிக்க மாட்டேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு வாங்க."

கடைசிப் பத்து கிலோமீட்டர் யாரா ஆற்றுப் பக்கம் நிழலாகப் போகிறது. மரப்பாலங்கள், பெரிய பெரணிச் செடிகள், மூச்சும் லேசாகிவிட்டது. கேட்ட சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் சாலை கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் கால் தானாக நின்றது. "என்ன அண்ணை, அக்காவைத் தேடுறியளோ?" என்றார் கேதீஸ். தண்ணீர் குடிக்கிறேன் என்றேன்.

வார்பர்ட்டன் கதைக்கு முன்னால், போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார் இல்லாவிட்டால் லில்லிடேல் வரை ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகலாம், தடம் ஸ்டேஷன் பக்கத்திலேயே தொடங்குகிறது. சாலைச் சைக்கிளின் ஒல்லி டயர் பொடிக்கல்லில் வழுக்கும், கொஞ்சம் அகலமான டயர் நல்லது. ஹெல்மெட் கட்டாயம், சட்டமும் அதுதான், வசந்த காலத்தில் தலையைக் கொத்த வருகிற மேக்பை பறவையும் அதைத்தான் சொல்லும். வெயில் நாளில் பாதையில் பாம்பு படுத்திருக்கலாம், அதற்கு வழிவிட்டு நில்லுங்கள். நிதானமாகப் போனால் நான்கு மணி நேரம், எங்களைப் போல் போனால் ஆறரை. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். காலையில் இரண்டு இட்லி போதும். பொங்கலை வார்பர்ட்டனில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி இருக்கும். கேதீஸ் பேக்கரியைத் தேடிப் போய்விட்டார். கார் ஒரு மரத்தடியில் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மலர் சீட்டைச் சாய்த்துவிட்டுப் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட்டேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் இப்படித் தூங்கி நான் பார்த்தே எட்டு மாதமாகிறது, அதனால் தூக்கம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பாதை முழுக்க ஒழுங்காக அடித்த நெஞ்சு அப்போதுதான் எகிறியது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன்.

சூடாக மூச்சு வந்தது.

"இருக்கேன்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "போய் காபி வாங்கிட்டு வாங்க."

சைக்கிள் கராஜில் பத்திரமாக இருக்கிறது, விற்கிற பேச்சே இல்லை. அன்றைக்கு ராத்திரி விரல் வரவில்லை. எனக்குத்தான் பழக்கதோஷம், அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மலர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். விடியும்வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.