பூட்டு மாப்பிள்ளை சுமந்த பழி

என் தங்கை வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் ஒரு பழியைச் சுமந்துகொண்டு திரிந்தார். தயிரைக் கொடுத்துக் கொடுத்தே பெண்டாட்டியைச் சாக விட்டுவிட்டேன் என்பார். அந்தப் பழியில் பாதி அவருடையதல்ல. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்தான்.

தங்கையைக் கட்டியதால் மட்டும் அவர் எனக்கு உறவில்லை. எங்கள் சின்னம்மாவின் நாத்தனார் மகன். அந்த வழியில் மச்சான் முறை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் என்னை மச்சான் என்பார். நான் அவரை மாப்பிள்ளை என்று கேலியாகக் கூப்பிட்டேன். அது பிறகு உண்மையாகிவிட்டது.

பால் கம்பெனியில் நான் வண்டியில் பெட்டி ஏற்றுகிற வேலை. அவரை உள்ளே சேர்த்துவிட்டதும் நான்தான். அவரை உறை அறையில் போட்டார்கள். உறை கலந்த பாலைக் கப்பில் ஊற்றி, ட்ரே ட்ரேயாக அடுக்கி, கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே நாற்பத்திரண்டு டிகிரி சூடு. ஐந்தாறு மணி நேரத்துக்குக் கதவைத் திறக்கக் கூடாது, ட்ரேயை அசைக்கக் கூடாது. அசைத்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஒருமுறை பெரிய மேனேஜர் வந்து, "ஒரு கப் எடுத்துக் காட்டுப்பா" என்றார். இவர் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "மணி ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவர் பெயர் பூட்டு. "பூட்டு சாப்பிடப் போயிருக்குப்பா" என்பார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

பிறகு கம்பெனியில் ஒரு புதுத் தயிர் போட்டார்கள். வயிற்றுக்கு நல்லது செய்கிற கிருமி சேர்த்தது. லேப் மேடம் இவருக்கு உட்கார வைத்து விளக்கினார்கள். "நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. கெட்டது மட்டும் இல்லை, நல்லதும் உண்டு. பலமான மாத்திரை சாப்பிட்டா ரெண்டும் சேந்து செத்துப்போகும். இந்தக் கப்புல இருக்கிறது உள்ளே போய்க் கொஞ்ச நாள் ஒத்தாசை பண்ணும். அவ்வளவுதான். எல்லா நோவையும் தீர்க்காது." கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் மாப்பிள்ளைக்கு மனப்பாடம்.

என் மகனைக் கட்டிய மருமகளுக்குப் பல் பிடுங்கி ஐந்து நாள் மாத்திரை கொடுத்ததில் வயிறு போய்க்கொண்டே இருந்தது. இவர் கப் கொண்டுவந்து, "மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சாப்பிடும்மா" என்றார். அவளுக்குச் சரியாகிவிட்டது. அதோடு எங்கள் சொந்தத்தில் யாருக்கு வயிறு கடமுடா என்றாலும் இவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். என் பெரியப்பா மகன் தயிரைக் கொதிக்கிற கஞ்சியில் ஊற்றிக் குடித்துவிட்டு, குணமில்லை என்று வந்து நின்றார்.

"உசுரோட இருக்கிறதை வேகவச்சுத் தின்னுட்டு எங்கிட்ட வந்து நிக்கிறீங்களே அண்ணே."

"அதுக்கென்னப்பா, கறியையும் வேகவச்சுத்தானே தின்னுறோம்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயதில் வயிறு கெட்டது. துணி தைக்கிற கம்பெனியில் பட்டன் கட்டுகிறவள். நான்கு நாள் வெளிக்கு வராது, அடுத்த நான்கு நாள் நிற்காது. வயிறு உப்பிக்கொள்ளும். மாப்பிள்ளை காலையில் ஒரு கப், மாலையில் ஒரு கப் என்று ஆரம்பித்தார்.

"மூணு வாரம் விடாம சாப்பிடு. அதுங்க உள்ளே போய்க் குடியேறணும். நடுவுல டாக்டர் மாத்திரைன்னு போனா எல்லாம் பாழாப்போகும்."

மூன்று வாரத்தில் உப்பசம் கொஞ்சம் இறங்கியது. "பாத்தியா?" என்றார். மறுபடி ஏறியபோது, இன்னும் மூன்று வாரம் என்றார். வேலையில் அப்படிக் காத்திருந்தே பழகியவர். கதவைத் திறந்து பார்ப்பதுதான் கெடுதல் என்று உடம்பிலேயே ஊறிப்போனவர்.

மூன்றாவது மாதம் தங்கை என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது. நீங்களே அவர்கிட்டச் சொல்லிடுங்க."

மறுநாள் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உக்காந்தே வேலை பாக்கிறா மச்சான். மூலமா இருக்கும். இன்னும் மூணு வாரம் பாப்போம்."

"லேப் மேடத்தைக் கேட்டுப் பாருங்களேன்."

"இதையெல்லாமா அவங்ககிட்டப் போய்க் கேக்கிறது?"

பெட்டியை ஏற்றிவிட்டுப் போய்விட்டேன்.

எட்டாவது மாதம் வேலை இடத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, பெருங்குடலில் புற்று, ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தம் எத்தனை நாளாக என்று கேட்டுவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். மாப்பிள்ளை தயிர்க் கதையைச் சொன்னார்.

"தயிர் மேல தப்பில்லைங்க. தயிர் இருக்குன்னு இங்க வராம இருந்ததுதான் தப்பு" என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் அவள் ஒன்பது மாதம் இருந்தாள். ஒரு மத்தியானம் அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவர் ஒருத்தர் மட்டும் காரணமில்லண்ணே. எதுத்த வீட்டு நர்ஸ் நான் மெலியிறதைப் பாத்து விசாரிச்சு, ரெண்டாம் மாசமே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்துச்சு. நான் போகலை. வயித்தைக் கிழிப்பாங்கன்னு பயம். அவர் இன்னும் மூணு வாரம்னு சொல்றப்பல்லாம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"இதை நீயே அவர்கிட்டச் சொல்லேன்மா."

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலை. நான் போனப்புறம் நீங்க சொல்லிடுங்க. அந்த மனுசன் இதைத் தூக்கிக்கிட்டே அலைவாரு."

அவள் போன பிறகு, சொன்னபடியே ஆயிற்று. உறை அறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்குப் போனார். யாராவது வயிற்றைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டர்கிட்டப் போங்க" என்பார். சாப்பாட்டில் தயிரைக் கண்டால் பாதியில் எழுந்துவிடுவார்.

ஆறு வருடம் வாரத்துக்கு ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்தேன். துக்கம் ஆறட்டும் என்று முதல் வருடம் தள்ளினேன். அவர் மகளுக்குப் பிரசவம், முடியட்டும் என்று இரண்டாம் வருடம். அதெல்லாம் சாக்கு. அவள் பயத்தைச் சொன்னால், ரத்தம் போகிறது என்று தெரிந்தும் பெட்டியை ஏற்றிவிட்டுப் போன அண்ணன்காரன் பேச்சும் வரும். அவர் நான்தான் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஒருநாள் அவரே கேட்டார். "மச்சான், கடைசியில அவ என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"உங்களை நல்லாப் பாத்துக்கச் சொன்னா மாப்பிள்ளை" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். பிறகு அவர் கேட்கவே இல்லை.

போன வருடம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போய்விட்டது. அதற்கப்புறம்தான் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கை நின்றுவிட்டது.

"ஆறு வருசம் மாமா" என்றாள். "வாரா வாரம் வந்தீங்க."

கை சும்மா இருக்க முடியாமல், மடிக்கலாம் என்று நானும் ஒரு சட்டையை எடுத்தேன்.

"வைங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்று அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.