முன்பக்கத்து மாடிப்படி

வீட்டை வாடகைக்கு விடுவது பற்றி அறிவுரை சொல்லத் தெரியாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. திருச்செங்கோட்டில் பழைய மாடி வீடு ஒன்றை நாங்கள் வாங்கியதும், பால் பாக்கெட் போடுகிறவர் முதல் பல் டாக்டர் வரை ஆளுக்கொன்று சொன்னார்கள். என் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்குத்தான் ஊர் திரும்புவார். அதனால் வீட்டைப் புதுப்பிக்கிற வேலை முழுவதும் என் தலையில். நாமக்கல்லில் நாலைந்து வாடகை வீடுகள் வைத்திருக்கும் என் அண்ணன்தான் இதில் எனக்கு வாத்தியார். தினமும் போன் செய்து ஒரு பாடம் நடத்துவார்.

அவர் சொன்னதில் பாதி உண்மையிலேயே உபயோகமானது. பெயின்ட் அடிக்கும் முன்பே ஒழுகும் குழாயைச் சரிசெய்துவிடு. பாத்ரூமுக்கு வழவழ டைல்ஸ் வாங்காதே, கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஈரத்தில் கால் வைத்தால் இடுப்பு போகும். மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி கரண்ட் மீட்டர் வை, இல்லாவிட்டால் மாதாமாதம் பஞ்சாயத்து. மீதிப் பாதி எனக்கு எரிச்சலாக இருந்தது. கல்யாணம் ஆகாதவனுக்கு விடாதே, கைக்குழந்தை இருந்தால் யோசி, படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு. இப்படியே கழித்துக்கொண்டு போனால் கடைசியில் பல்லிக்குத்தான் வீட்டை விட முடியும் என்றேன்.

"நீ பேச்சுல கெட்டிக்காரிதான் அம்மிணி" என்று போனை வைத்துவிட்டார்.

நாங்கள் இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டில் இருந்தோம். வாங்கிய வீட்டின் கீழ்ப்பகுதி காலியாகத்தான் கைக்கு வந்தது. மாடியில் மட்டும் பழைய உரிமையாளர் காலத்திலிருந்தே ஒரு குடும்பம் குடியிருந்தது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். லாரி டிரைவராக இருந்து ஓய்ந்துபோன அப்பா ஒருவரும் உண்டு. அவர் மோகனூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மருமகள் சொன்னாள், நானும் நம்பினேன்.

மாடிக்குப் போகும் சிமென்ட் படி வீட்டின் முன்பக்கம் பாதி வாசலை அடைத்துக்கொண்டு அகலமாக நின்றது. அதை இடித்துவிட்டு, பின்பக்கம் இரும்பில் ரவுண்டு படி வைத்தால் முன்னால் ஒரு கடை கட்டி விடலாம் என்பது அண்ணனின் யோசனை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு தையல் கடை, அதற்கு நீலத்தில் ஒரு ஷட்டர் என்று மனதுக்குள் கட்டியே முடித்திருந்தேன். கொத்தனார் வந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து வெல்டிங்காரர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க்கா, படிய இடிக்கப் போறீங்களா?"

"ஆமாங்க தம்பி. பின்னால ரவுண்டு படி வருது. உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இருக்காது."

"வேண்டாங்க்கா. இப்போதைக்கு மட்டும் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஊட்டுக்காரி நானா நீங்களா? எத இடிக்கிறது, எத உடறதுன்னு உங்களக் கேட்டுக்கிட்டுத்தான் செய்யோணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் கொத்தனாருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார். "ரவுண்டு படியில ஆளு நடந்துதாங்க்கா எறங்க முடியும். படுக்க வெச்சு எறக்க முடியாது. எங்கப்பா மோகனூர்ல இல்லீங்க. மேலதான் இருக்காரு."

நான் மாடிக்குப் போனேன். ஜன்னல் ஓரமாகக் கட்டில். பெரியவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்திருந்தது. வெள்ளை வேட்டி, சுத்தமான விரிப்பு, அறையில் சாம்பிராணி வாசம். அவரை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டு, அவர் இருப்பதையே ஊரிடம் மறைத்து வைத்திருந்தார்கள்.

"சொன்னாக் காலி பண்ணச் சொல்லிருவீங்கன்னு பயம்ங்க" என்றாள் மருமகள்.

என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். சற்று முன் வாசலில் நான் போட்ட சத்தம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

இறங்கும்போதே, படியில் நின்று அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது பெரியவரின் உடம்பைப் பற்றியல்ல.

"அடைப்புல போய்ச் சேந்துட்டாருன்னா என்ன பண்ணுவே?"

சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதைத்தான் அடைப்பு என்பார்கள். ஒருமுறை அப்படிப் பூட்டிய வீடு என்று பெயர் வந்துவிட்டால், திறந்த பிறகும் குடி வர ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கண்காணாத காட்டில் துளை போட்டுப் போட்டு என் கணவர் சம்பாதித்தது அந்த வீடு. "அடைப்பும் வேண்டாம், சாவும் வேண்டாம், நீங்க வைங்கண்ணா" என்று கத்தினேன். ஆனால் கொத்தனாரிடம் படியை விட்டுவிட்டுச் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். தையல் கடை என் மனதில் கட்டியதோடு சரி.

கீழே வேலை முடிகிற சமயத்தில், மொட்டை மாடியில் போட்ட தட்டோட்டுத் தளம் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். பெரியவர் நல்ல கையால் சைகை காட்டி உள்ளே கூப்பிட்டார். பேச்சு குழறியது. நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அம்மிணி, பயப்படாதீங்க. உங்க ஊட்டுல நாஞ் சாவமாட்டன். நேரம் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரோணும்னு பையங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறேன். அடைப்பு கிடைப்பு ஒண்ணும் உங்களுக்கு வராது."

அன்று படியில் நின்று நான் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. என் குரல் அப்படி. ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன், வந்தது வேறு.

"நல்லா இருக்குதுங்க நியாயம்! இருக்கறதுக்கு என்ற ஊடு, சாவறதுக்கு ஆஸ்பத்திரியா? சாவறதுன்னா இங்கயே சாவுங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. மருமகள் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். பெரியவர் பாதி வாயால் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்கப்புறம் மாடியிலும் கொஞ்சம் வேலை செய்தோம். பாத்ரூம் சுவரில் பிடிமானத்துக்கு அந்த வெல்டிங்காரரே கம்பி அடித்தார். ஃபேன் சுவிட்சைக் கட்டிலில் இருந்தபடியே எட்டும் உயரத்துக்கு இறக்கினோம். வாடகைக்கு வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு அறையிலும் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனுக்கு நான் நடத்திய ஒரே பாடம். கீழ்ப்பகுதிக்கு ஒரு டீச்சர் குடும்பம் வந்தது. பெரியவர் ஆடியைத் தாண்டினார், தீபாவளிக்கு ஒரு துண்டு மைசூர்பாகு தின்றார்.

தை மாதம் ஒரு காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது. மகன் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஆம்புலன்ஸ் வந்து போனதே எனக்குத் தெரியாது. மத்தியானம் போன் வந்தது.

"முடிஞ்சுதுங்க்கா. ஆஸ்பத்திரியிலதான்."

"எப்பக் கொண்டுக்கிட்டு வாரீங்க?"

"இல்லீங்க்கா. நேரா மின்மயானத்துக்குப் போயிர்றோம். சொந்தக்காரங்களையும் அங்கயே வரச் சொல்லீட்டேன்."

வாழ்ந்த வீட்டில் ஒரு நாழிகை கிடத்தாமல், தெருவில் நாலு பேர் பார்க்காமல், ஒரு மனுஷனை அப்படியே கொண்டு போய் எரிப்பதா? அதுவும் எனக்காக.

"வண்டிய ஊட்டுக்குத் திருப்புங்க தம்பி. இல்லீன்னா நாளைக்கே காலி பண்ணிக்கிட்டுப் போயிருங்க" என்றேன். அவர் போனிலேயே அழுதுவிட்டார்.

வண்டி தெருவுக்குள் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் குடும்பமும் வெளியே வந்து நின்றது. நான்கு பேர் அவரை ஸ்ட்ரெச்சரோடு தூக்கினார்கள். மகன் மட்டும் படிக்குக் கீழே தயங்கி என்னைப் பார்த்தார். மேலே தூக்கச் சொன்னேன். யார் தோளும் சுவரில் இடிக்காமல், அவரைச் சாய்க்காமல் ஏறினார்கள். நான் முன்னால் போய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்தேன்.

"சொன்ன சொல்லக் காப்பாத்தீட்டீங்க" என்று அவரிடம் சத்தமாகவே சொன்னேன். "இனி நாஞ் சொல்றதக் கேளுங்க. உள்ள வாங்க."