மேளம் காத்திருந்த கடைசிச் சுற்று

1991ஆம் வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. பகல் ஷிஃப்ட் முடிந்ததும் கோவிலுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு தையல் கடைக்குப் போய் செஸ் ஆடுவேன். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். தையல்காரர் என்பதால் ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. செஸ்ஸிலும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தியது. மாதத்தில் ஓரிரு முறை நான் ஜெயித்தாலே பெரிது.

அந்த வருஷம் மே மாதத்தில் எங்கள் ஊரில் குண்டு வெடித்தது. அதன் பிறகு வெளியூரில் யாரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் ஒரு நொடி பேச்சு நின்றுவிடும். ட்ரங்க் கால் போட்டால் மறுமுனையில் இருக்கும் ஆபரேட்டர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். ஒரு நாள் பட்டன் தைத்துக்கொண்டே மாஸ்டர் சொன்னார்: "பசங்களுக்கு ஒரு செஸ் போட்டி வெப்போம் மேடம். வெளியூர்ப் பசங்க நாலு பேராவது இங்க வந்து சிரிச்சிக்கினு வூட்டுக்குப் போவட்டும்."

பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி என்று முடிவு செய்தோம். நான் பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் எழுதினேன்; நடுவர் பொறுப்பும் எனக்கே. அவர் கறுப்பும் வெள்ளையுமாகத் துணியை வெட்டி, கட்டம் கட்டமாக ஒட்டுப்போட்டு இருபத்தைந்து செஸ் விரிப்புகள் தைத்தார். ஆடுபவர் இருவருக்கும் தனித்தனியாக நேரம் அளக்கும் இரட்டை முகக் கடிகாரங்கள் ஆறுதான் இரவல் கிடைத்தன. அவற்றை முன்வரிசை மேசைகளுக்கு மட்டும் வைப்பது என்று பேசிக்கொண்டோம். கார்த்திகை மாதத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. "ஞாத்திக்கெழம ஆறு மணி வரைக்கும் உங்களுதுதான்" என்றார் மண்டபத்து மேனேஜர்.

சனிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டிய பிள்ளைகளின் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அவர்கள் நனைந்துபோய் வந்தார்கள். மாஸ்டர் கடைக்கு ஓடிப்போய், தைத்து வாங்காமல் கிடந்த சட்டைகளையெல்லாம் அள்ளி வந்து போட்டுவிட்டார். முழங்கால் வரை தொங்கும் பெரியவர்கள் சட்டையில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து ஆடினார்கள். ஒரு சுற்று மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி மூன்றரை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. வாழை மரம், அண்டா, காய்கறி மூட்டை எல்லாம் இறங்கின. பின்னாலேயே வேனில் கல்யாண வீட்டார். மணிமங்கலத்துக்காரர்கள். மறுநாள் காலை முகூர்த்தம், அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. அவர்களிடம் மேனேஜர் நாலு மணிக்கே மண்டபம் காலி என்று சொல்லியிருந்தாராம். ஆளைத் தேடினால் காணோம்.

முதலில் அவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஆட்டம் முடிந்த மேசைகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளி, நாற்காலிகளைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஐந்து மணிக்கு ஒரே ஒரு மேசைதான் மிச்சம். முதல் மேசை. ஒரு பக்கம் தாம்பரத்துப் பையன், பதின்மூன்று வயது. அது வரை ஓர் ஆட்டத்திலும் தோற்காதவன். ஜெயித்தால் முதல் கோப்பை அவனுக்குத்தான். எதிரில் வல்லத்திலிருந்து வந்த பதினொரு வயதுச் சிறுமி. அவள் அப்பா விவசாயம் பார்ப்பவர். காலையில் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு வயலுக்குப் போயிருந்தார்.

அப்போது மேளக்காரர்கள் வந்து மேடையோரம் உட்கார்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்தி ஒரு முறை ஊதிப் பார்த்தார். சிறுமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நான் கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் ஓடினேன்.

"ஐயா, இந்த ஒரு ஆட்டம்தான். அதிகமாப் போனா அரை மணி நேரம். கடிகாரமே அதுக்கு மேல விடாது. மேளம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா பேசுற நீ? எம் பொண்ணு கண்ணாலத்துல மேளம் வாசிக்காதன்னு வாய் கூசாம சொல்ற?"

கோபப்பட அவருக்கு நியாயம் இருந்தது. நடுவராக எனக்கும் ஒரு நியாயம் இருந்தது.

மணமகள் அறைக் கதவு திறந்தது. பாதி பின்னிய சடையோடு கல்யாணப் பெண் வெளியே வந்தாள். பூ தைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஊசியும் நூலுமாகப் பின்னாலேயே வந்தாள்.

"ப்பா, அரை மணி நேரந்தான. கொழந்தைங்க ஆடிக்கினு கீதுங்க. அதுக்குள்ள மாப்ள வூட்டுக்காரங்க வந்தா நான் சொல்லிக்கிறேன்."

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை. மேசைக்குச் சற்றுத் தள்ளி ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாள். பூக்கார அம்மாளும் அவள் பின்னால் உட்கார்ந்து சடையைத் தொடர்ந்தாள். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்ற அப்பா, நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டினார். அந்தப் பக்கம் அண்டா உருட்டிய ஆளைப் பார்த்து, "டேய், மெதுவா" என்றார்.

அதன் பிறகு அந்த மண்டபத்தில் கடிகாரச் சத்தம் மட்டும்தான். ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். சிறுமியின் காய்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் அவளிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. பையனிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் பலகையின் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டால் ராணியாகிவிடும். பிறகு எல்லாம் முடிந்தது.

"அய்யோ, ஒத்த ராசாவ வெச்சிக்கினு இன்னா பண்ணும்?" என்று பூக்கார அம்மாள் கிசுகிசுத்தாள். மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். ஆனால் அவர் கண் பளபளத்ததை நான் பார்த்தேன். சிப்பாய் இருந்தது பலகையின் ஓரத்து வரிசையில். சிறுமியின் ராஜா அந்த மூலைக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் அதை யாராலும் வெளியே இழுக்க முடியாது. அது அவளுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

தெரிந்திருந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு கட்டமாக ராஜாவை மூலைக்கு நகர்த்தினாள். பையன் எப்படியெல்லாமோ சுற்றிப் பார்த்தான். கடைசியாக அவன் சிப்பாயின் பின்னால் தன் ராஜாவை வைத்ததும் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய ராஜாவுக்கு செக் இல்லை. நகர ஒரு கட்டமும் இல்லை; அப்படியானால் ஆட்டம் சமம். என்னைப் பார்த்து, "மிஸ், டிரா" என்றாள்.

நான் பார்த்துவிட்டுத் தலையசைத்தேன்.

பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழுதடு நடுங்கியது. அரைப் புள்ளியில் கோப்பை போனது அவனுக்குத் தெரியும். சிறுமி அவன் பக்கம் குனிந்து, "அந்த சிப்பாய் மட்டும் நடு வரிசையில இருந்திருந்தா நான் காலி. நீ நல்லா ஆடுன" என்றாள். பிறகு அவளே காய்களை எடுத்து, அவன் பக்கத்துக் காய்களையும் சேர்த்து, வரிசையாக அடுக்கினாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குதிரையை எடுத்து வைத்தான்.

பரிசு கொடுக்க வருவதாக இருந்த தலைமையாசிரியர் நேரமாகிவிட்டது என்று எப்போதோ கிளம்பிப் போயிருந்தார். மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கல்யாணப் பெண்ணிடம் போய்க் கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "சீக்கிரம் குடுத்துட்டுப் போயி பொடவய கட்டு" என்றார். வாழை மரம் கட்டிய மேடையில் ஏறிப் பிள்ளைகள் அவள் கையால் பரிசு வாங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தவில்காரர் ஒரு தட்டுத் தட்டினார். முதல் கோப்பை வாங்கிய காஞ்சிபுரத்துப் பையன் இன்னும் முதல் நாள் மாஸ்டர் கொடுத்த தொளதொளச் சட்டையில்தான் இருந்தான். தாம்பரத்துப் பையன் இரண்டாவதாக வந்தான். சிறுமிக்கு நான்காவது இடம்.

கீழே இறங்கும்போது கல்யாணப் பெண் என்னிடம், "அக்கா, அடுத்த வருசம் நானும் வந்து ஆடலாமா?" என்றாள்.

"பதினாலு வயசுக்குள்ளதான்மா."

"போச்சு போங்க, எனக்கு இருவது" என்று சிரித்தபடி உள்ளே ஓடினாள்.

பெண்ணின் அப்பா எங்கள் யாரையும் சும்மா அனுப்பவில்லை. சொஜ்ஜியும் பஜ்ஜியும் வாழையிலைத் துண்டில் பிள்ளைகளுக்கு முதல் பந்தியாகப் போயின. மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

சிறுமியின் அப்பா சைக்கிளில் வந்தபோது நான் அவளோடு வாசலில் நின்றிருந்தேன். அவருடைய காலில் வயல் சேறு காயவில்லை. உள்ளே வரக் கூச்சப்பட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்:

"கடசி ஆட்டம் தோத்துச்சா, ஜெயிச்சுதாம்மா?"

"ரெண்டும் இல்லைங்க. சமம்."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எதுக்க ஆடுன புள்ளயும் அழுதிருக்காது, இல்ல?"

"அழப் பாத்தான். உங்க பொண்ணுதான் சமாதானம் பண்ணுச்சு."

அவர் பின்சீட்டில் மடித்துப் போட்டிருந்த சாக்கைத் தட்டிச் சரிசெய்து மகளை ஏற்றி உட்காரவைத்தார். அவள் ஒரு கையில் எண்ணெய் ஊறிய இலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போயி உனக்கும் சொல்லித் தர்றேன்ப்பா" என்று அவள் சொன்னது, சைக்கிள் திரும்பும்போது என் காதில் விழுந்தது.